ஆங்கில அருஞ்சொற்களில் தமிழ், மலையாள வேர்கள்: ஒரு மதிப்பாய்வு

1. முன்னுரை

ஆங்கிலப் பேரகராதிகளில் அருகிய வழக்கினவாகக் காட்டப்படும் சொற்களுள் ஒரு தொகுதி தென்னிந்திய மொழிகளிலிருந்து சென்றதாகும். கங்காணி, ஓலை, சோலை, பாளையக்காரர், சாவடி, பணம், குருந்தம் ஆகியவை முறையே 'கங்காணி', 'ஓலா', 'ஷோலா', 'பாலிகர்', 'சௌல்ட்ரி', 'ஃபனம்', 'கொரண்டம்' என உருமாறி அங்கே வாழ்கின்றன. இவற்றுள் சில ஆவணங்களில் மட்டும் எஞ்சியுள்ளன. சில துறைச்சொற்களாக நிலைபெற்றுள்ளன. சில தம் தாய்மொழிக்கே அயற்சொல் வேடத்தில் திரும்பி வந்துள்ளன.

இச்சொற்களின் பிறப்பை ஆராய முற்படுவோர் முதலில் நாடும் நூல் ஹென்றி யூலும் ஆ. கோ. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியமாகும். வில்லியம் குரூக் திருத்திய இரண்டாம் பதிப்பு 1903இல் வெளிவந்தது. பிற்கால ஆங்கில அகராதிகளின் தென்னிந்தியச் சொற்பிறப்புக் குறிப்புகள் பல இந்நூலின் வழிவந்தவை. ஆகவே இதன் முறையியலில் உள்ள நிறைகுறைகள் அவ்வகராதிகளிலும் படிந்துள்ளன. இக்கட்டுரை அம்முறையியலை ஒலி, வழி, பொருள் என்னும் மூன்று நிலைகளில் மதிப்பிடுகிறது. அம்மதிப்பீடு மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படும் வகையையும் சுட்டுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துரா மலைப்பகுதியின் இடப்பெயர்கள் இறுதியில் எதிர்த்திசைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. நூலின் தகுதி

பர்னல் சென்னை மாகாணத்தில் பணியாற்றி, தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்தியத் தொல்லெழுத்தியல் பற்றி 1874இல் நூல் வெளியிட்டவர். சொற்களஞ்சியம் அச்சேறுமுன் 1882இல் அவர் மறைந்தார். பெரும்பகுதியை எழுதி முடித்தவர் யூல். அவருடைய பணிக்களம் வட இந்தியா. ஹெர்மன் குண்டர்ட்டின் மலையாள அகராதி 1872இலும், வின்சுலோவின் தமிழ் அகராதி 1862இலும் வந்துவிட்டமையால் எழுத்துவழக்குச் சொற்களை ஒப்பிட அக்காலத்தில் தடையில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் பயணநூல்கள், வணிக ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து கால வரிசையில் மேற்கோள் தந்தமை இந்நூலின் நிலைத்த பெருமையாகும். ஒரு சொல் எந்நூற்றாண்டில் எக்கரையில் ஐரோப்பியர் செவியில் விழுந்தது என்பதை இம்மேற்கோள்களே காட்டுகின்றன. ஆனால் மேற்கோள்கள் கரையைக் காட்டும் அளவிற்கு மொழியைக் காட்டுவதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தமிழையும் 'மலபார்' மொழி என்றே வழங்கினர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தன் மொழியை 'மலவார் தமிழ்' என்றே குறித்துக்கொண்டது. ஆகவே ஒரு பயணி 'மலபார்ச் சொல்' என எழுதியிருப்பது மலையாளத்திற்குச் சான்றாகிவிடாது. இந்த இருபொருண்மையைப் பிற்கால அகராதிகள் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை.

3. இரு கரை, இரு அடுக்கு

தென்னிந்தியச் சொற்கள் ஆங்கிலத்திற்குச் சென்றதில் இரு அடுக்குகளைப் பிரித்துக் காணலாம். முதல் அடுக்கு, 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின் மேலைக்கரையில் போர்த்துக்கீசியர் கொண்ட சொற்கள். தேக்கு, வெற்றிலை, அடைக்காய், கொப்பரை, கயிறு, சக்கை ஆகிய பொருட்பெயர்கள் இதில் அடங்கும். இரண்டாம் அடுக்கு, பதினேழாம் நூற்றாண்டிலிருந்து சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர் நேரே கேட்டறிந்த சொற்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் முதலியன இவ்வகையின. 1639இல் சென்னையில் நிலம் பெற்றபின் இவ்வடுக்கு விரைந்து வளர்ந்தது.

முதல் அடுக்குச் சொற்களை அகராதிகள் பொதுவாக மலையாளத்திற்கு உரியனவாகக் கூறுகின்றன. வணிக வரலாற்றின்படி இது ஏற்புடையதே. ஆயினும் அதற்கு அவை காட்டும் ஒலிச்சான்று வலுவற்றது. 'மாங்கா', 'வெற்றில' என மலையாளம் அகரத்தில் முடிக்க, தமிழ் 'மாங்காய்', 'வெற்றிலை' என முடிக்கும் என்பதே அச்சான்று. வணிகர் செவியில் விழுந்தது ஏட்டுத்தமிழ் அன்று. பேச்சுத்தமிழிலும் 'மாங்கா', 'வெத்தல' என்பனவே வழக்கு. மேலும் அகர ஈறு போர்த்துக்கீசியத்திற்கு இயல்பானது. அதைக்கொண்டு மூலமொழியைத் துணிய இயலாது.

இதற்கு மாறாக 'சக்கை' உறுதியான சான்று தருகிறது. போர்த்துக்கீசிய 'ஜாக்கா', ஆங்கில 'ஜாக்' இரண்டும் பலாப்பழத்தைக் குறிப்பன. தமிழின் பொதுவழக்கில் பழத்தின் பெயர் பலா. சக்கை என்பது சாறு நீங்கிய எச்சம். பழத்தையே சக்கை என்பது மலையாளமும், அதனை ஒட்டிய குமரி மாவட்டத் தமிழும் ஆகும். இங்கே முடிவைத் தருவது ஈற்றெழுத்து அன்று, சொல்லின் பொருள் எல்லை.

அவ்வாறே 'மல்லிகட்டானி' என்னும் சாற்றுப்பெயரில் முடிவைத் தருவது அதன் பின்பாதி. மிளகு இரு மொழிக்கும் பொது. நீரை மலையாளம் 'வெள்ளம்' என்னும். 'தண்ணி' தமிழ்ப் பேச்சுவழக்கு. முன்பாதியின் உகர ஒலியும் 'மொளகு' என்னும் பேச்சு வடிவைக் கேட்டு எழுதியதாகவே தோன்றுகிறது. அகராதிகள் 'மிளகுத்தண்ணீர்' என ஏட்டு வடிவத்தை மூலமாகத் தந்துவிட்டு இவ்வேறுபாட்டை விளக்காமல் விடுகின்றன. கடன்சொல்லின் மூலம் பேச்சுவடிவமாக இருக்கும்போது பேச்சுவடிவத்தையே தருதல் வேண்டும்.

4. ஒலி காட்டும் நெறி

ஒலிச்சான்று பயனற்றது என்பது இதன் கருத்தன்று. தனிச்சொல்லைக் கொண்டு துணிதல் கூடாது என்பதே கருத்து. அடைக்காய் 'அரிக்கா' ஆனது எங்ஙனம் என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். உயிரிடை டகரம் ரகரமானது தற்செயல் போலத் தோன்றலாம். ஆனால் தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று. தரங்கம்பாடி 'டிராங்கிபார்' ஆயிற்று. கொடுங்கல்லூர் 'கிராங்கனூர்' ஆயிற்று. சாவடியைச் சார்ந்த 'சௌல்ட்ரி' என்னும் சொல்லிலும் அதே இடத்தில் ரகரம் புகுந்துள்ளது. உயிரிடை நாவளை ஒலியை ஐரோப்பியச் செவி ரகரமாகப் பற்றியது என்பது இவ்வரிசையால் பெறப்படும் நெறி. இடப்பெயரும் பொருட்பெயரும் ஒரே நெறிக்குக் கட்டுப்படும்போது சொற்பிறப்பு ஊகநிலையைக் கடந்து நிற்கிறது.

நெறியின் துணையின்றி எழுதப்பட்டதற்கு எடுத்துக்காட்டு கயிறு. ஹாப்சன்-ஜாப்சனும் அதனைப் பின்பற்றிய அகராதிகளும் மலையாள மூலத்தைக் 'காயர்' என நெடில் முதலாக எழுதி, 'முறுக்கப்படு' எனப் பொருள்படும் ஒரு வினையோடு இணைக்கின்றன. தமிழில் கயிறு, மலையாளத்தில் கயர். இரண்டிலும் முதலுயிர் குறில். குறிலை நெடிலாக்கிய பின் கட்டப்பட்ட வினைமூலம் நிலைபெறுவது அரிது. பொருளைப் பொறுத்தவரை அந்நூல் சரியாகவே நடந்துகொண்டது: மூலமொழியில் இச்சொல் முறுக்கிய கயிற்றைக் குறிக்க, ஆங்கிலத்தில் தேங்காய் நாரைக் குறிக்கிறது என அது சுட்டியுள்ளது.

5. வடிவம் ஒன்று, சொல் இரண்டு

ஆங்கிலத்தில் 'கேஷ்' என ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ரொக்கப் பணத்தைக் குறிப்பது இலத்தீன் 'காப்சா' வழி இத்தாலிய, பிரெஞ்சு வடிவங்களினூடே வந்தது. அதன் முதற்பொருள் பணப்பெட்டி. சிறு நாணயத்தைக் குறிப்பது தமிழ்க் 'காசு' போர்த்துக்கீசியம் வழிச் சென்றது. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். வராகனை ஆங்கிலேயர் 'பகோடா' என்றனர். இவ்விரண்டாம் சொல் பின்னர்ச் சீன நாணயத்திற்கும் பெயராயிற்று. ரொக்கம் என்னும் பொருளிலுள்ள சொல்லும் காசிலிருந்தே பிறந்தது என நம்மிடையே அடிக்கடி எழுதப்படுகிறது. வடிவ ஒற்றுமை கண்டு வரலாற்றைக் காணாது விட்டதன் விளைவு இது.

இன்னோர் இணை 'ஷோலா', 'சோலா' என்பன. முன்னது தமிழ்ச் சோலை. பின்னது வெயில் தொப்பி செய்யப் பயன்பட்ட நெட்டி வகையின் வட இந்தியப் பெயர். தொப்பியின் பெயரை ஆங்கிலேயரே ஞாயிற்றைக் குறிக்கும் தம் 'சோலார்' என்னும் சொல்லோடு இணைத்து மாற்றிக்கொண்டனர். பழைய வேட்டைநூல்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வரக்கூடும். மொழிபெயர்ப்பாளர் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் காடு தொப்பியாகிவிடும்.

6. நம் தரப்பின் மிகை

பிறர் அகராதிகளைக் குறைகூறும் நாம் நம் தரப்பு மிகையையும் அளந்தாதல் வேண்டும். அரிசியிலிருந்து கிரேக்க 'ஒருசா', அதிலிருந்து ஆங்கில 'ரைஸ்' என்னும் வழி கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தால் (1856) செல்வாக்குப் பெற்றது. கிரேக்கச் சொல்லை வடமொழி 'வ்ரீஹி'க்கு உறவான ஈரானியக் கிளைச் சொல்லொன்றின் வழிவந்ததாக இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். அவ்வடமொழிச் சொல்லுக்கே திராவிடத் தொடர்பு உண்டா என்பது தனி வினா. அதனை அரிசிக்கும் கிரேக்கத்திற்கும் நேர்ப்பாலமாக ஆக்குதல் முறையன்று.

'அனகோண்டா' இதனினும் தெளிவான சான்று. யானையைக் கொன்றது எனப் பொருள்படும் தமிழ்த்தொடரே அதன் மூலம் என்னும் விளக்கம் நெடுங்காலம் வழங்கியது. 1693இல் ஜான் ரே இலங்கைப் பாம்பொன்றின் பெயராக 'அனகண்டயா' என்னும் வடிவத்தைப் பதிவு செய்துள்ளார். சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்பது மெல்லிய பச்சைப் பாம்பு வகையைக் குறிக்கும். ஒலியும் இடமும் அதற்கே பொருந்துகின்றன. அப்பெயர் பின்னர்த் தென்னமெரிக்கப் பெரும்பாம்பிற்கு ஏறியது. தமிழ் விளக்கம் பாம்பின் பருமனை நோக்கிப் பின்னால் கட்டப்பட்டது.

மிகையின்றி நிறுவப்பட்டதற்கு இஞ்சி நல்ல சான்று. பாலி 'சிங்கிவேர', கிரேக்க 'சிங்கிபெரிஸ்' முதலிய வடிவங்களை ஆலன் ராஸ் 1952இல் ஒரு தனிநூலாகவே ஆராய்ந்தார். பின்பாதி 'வேர்' என்பதில் ஐயம் இல்லை. முன்பாதியில் தமிழ் இழந்த சகரம் நிற்கிறது. தென்திராவிடத்தில் சொன்முதற் சகரம் மறைந்தமையை பர்ரோ விளக்கியபின் இவ்விணைப்பு உறுதிபெற்றது. வடமொழியாளரோ இச்சொல்லைக் 'கொம்பு உடல்' எனப் பிரித்துப் பொருள் கண்டனர். வெட்டிவேர் பிரெஞ்சு வழி 'வெட்டிவர்' ஆனதிலும் அதே வேர் உள்ளது. ஒலிநெறி, இடைவடிவங்கள், பொருள் ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்குமிடத்தில் வலிந்து பொருத்தவேண்டிய தேவை எழுவதில்லை.

7. பொருள் நகர்வும் மொழிபெயர்ப்பும்

சொல் சென்ற வழியை அறிந்தபின் அதன் பொருள் நகர்ந்த தொலைவை அளத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பில் பிழை மிகுதியாக நேர்வது இங்கேதான். மூலவடிவம் தமிழில் கைக்கெட்டும் தொலைவில் கிடப்பதே அதற்குக் காரணம்.

கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்ளீடற்ற உடல் இல்லை. 1697இல் வெளிவந்த தாம்பியரின் பயணநூலில் இச்சொல் சோழமண்டலக் கரைக்குரியதாகவே வருகிறது. 1804இல் பூலோன் துறைமுகத்தைத் தாக்க ஆங்கிலேயர் பயன்படுத்திய வெடிமிதவைகளுக்கு அதே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் சண்டைக்காரப் பெண்ணுக்கும் அதுவே வசை. இன்றோ இரட்டை உடற் படகு. இந்நான்கையும் 'கட்டுமரம்' என ஒரே சொல்லால் பெயர்த்தால் மூன்று இடங்களில் பிழை நேரும்.

கூலி தமிழில் உழைப்பின் ஊதியம். குறள் 619இலும் அப்பொருளே. ஆங்கிலத்தில் அது ஊதியம் பெறுபவரைக் குறித்து, பின் இழிபெயராயிற்று. ஹாப்சன்-ஜாப்சன் இதன் மூலத்தைக் குசராத்துக் கோலி இனத்தார் பெயரில் காண முற்பட்டு, தமிழ்ச் சொல்லோடு கலந்திருக்கக்கூடும் என்றது. மேலைக்கரைப் பழைய மேற்கோள்கள் அதற்குத் துணைநிற்கின்றன. எனினும் இலங்கை, மலேயா, மொரீசியசு ஆகிய நாடுகளின் தோட்ட ஆவணங்களில் தமிழ்ப் பொருளின் அழுத்தம் புறக்கணிக்கத்தக்கதன்று. அவ்வாவணங்களைத் தமிழாக்குவோர் ஆளைக் குறிக்கும் இடத்தில் 'கூலித்தொழிலாளர்' என்றும், சொல்லே பேசுபொருளாகும் இடத்தில் மேற்கோட்குறியிட்டுக் 'கூலி' என்றும் வேறுபடுத்துவது தகும். அவ்வாவணங்களில் உடன்வரும் 'கங்காணி' பொருள் பெரிதும் திரியாமல் சென்ற சொல். அதனை 'மேற்பார்வையாளர்' எனப் பெயர்த்தால் 1938இல் இந்திய அரசு தடுத்த ஆள்சேர்ப்பு முறையின் வரலாறே மறைந்துவிடும்.

மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது பறையர் என்னும் பெயரிலிருந்து ஐரோப்பா உண்டாக்கிக்கொண்ட 'பரையா' என்னும் சொல். பெர்னார்தன் த சேன்-பியரின் 1791ஆம் ஆண்டுக் கதையும், தெலவீஞ்ஞின் 1821ஆம் ஆண்டு நாடகமும் இதனை ஐரோப்பா எங்கும் பரப்பின. அங்கே அது ஒரு மக்களின் பெயர் என்னும் நிலையை இழந்து, எவராலும் ஒதுக்கப்பட்டவர் என்னும் பொதுச்சொல்லாயிற்று. இன்றைய ஆங்கிலச் செய்தியில் ஒரு நாடு இச்சொல்லால் சுட்டப்படும்போது, தமிழாக்குவோர் சாதிப்பெயரை எழுதுவது பொருளாலும் பிழை, அறத்தாலும் பிழை. 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு' என்பதே போதும். ஆனால் மாக்ஸ் வேபர் யூதரைப் பற்றி எழுதுகையில் இச்சொல்லைக் கலைச்சொல்லாகவே ஆள்கிறார். அங்கே இதனை நயமாக மறைப்பது அவருடைய ஒப்பீட்டையே மறைப்பதாகும். 'பரியா' என ஒலிபெயர்த்து, அதன் பிறப்பையும் அதில் படிந்த இழிவையும் அடிக்குறிப்பில் கூறுவதே நேர்மையான வழி.

சோலையும் இத்தகைய முடிச்சு. தமிழில் அது மரச்செறிவு. மலையாளத்தில் 'சோல' நிழலையும் மலையோடையையும் குறிக்கும். சூழலியல் ஆங்கிலத்தில் 'ஷோலா' என்பது மேற்குமலை உயரங்களில் புல்வெளிகளுக்கிடையே மடிப்புகளில் வளரும் குட்டைமரக் காட்டினை மட்டும் சுட்டும். அதனைத் தமிழாக்கும்போது வெறுஞ்சோலை போதாது. 'சோலைக்காடு' என்னும் கூட்டுச்சொல் நிலைபெற்றுவருவது நல்லது. 'ஷோலா காடுகள்' என எழுதுவது நம் சொல்லைப் பிறர் எழுத்தில் திரும்ப வாங்குவதாகும்.

8. வித்துரா: எதிர்த்திசைச் சான்று

நெடுமங்காட்டிலிருந்து பொன்முடிக்குச் செல்லும் வழியில் மலையடிவாரத்தில் உள்ள ஊர் வித்துரா. அதற்கு அப்பால் அகத்தியர்கூடத்திற்கு ஏறுவோர் புறப்படும் இடம் போணக்காடு. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த தேயிலைத் தோட்டம் அது. பெயரைக் கேட்கும் எவரும் பாலக்காடு போல இதுவும் காட்டினால் பெயர்பெற்றது எனவே கொள்வர். ஆனால் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் 'பான் அக்கார்ட்'. அது ஸ்காட்லாந்து வழக்கிலுள்ள அருஞ்சொல், பிரெஞ்சு மூலமுடையது, பொருள் நல்லிணக்கம். அபர்தீன் நகரின் இலச்சினை வாசகமும் அதுவே. அண்டையில் பொன்முடிச் சரிவிலுள்ள 'மெர்க்கிஸ்டன்' தோட்டப் பெயரும் எடின்பரோவின் ஒரு பகுதியின் பெயராக இருப்பதை நோக்க, இப்பெயர்களை ஸ்காட்லாந்துத் தொடர்புடையோர் இட்டிருத்தல் வேண்டும் எனக் கருதலாம்.

இங்கே நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. 'அக்கார்ட்' என்பதன் ஈறு ரகரத்தை இழந்து 'காடு' என்னும் பழகிய ஈற்றோடு இணைந்தது. மெர்க்கிஸ்டனில் பற்றிக்கொள்ள அத்தகைய ஈறு இல்லை. அது அயற்பெயராகவே நிற்கிறது. போணக்காடோ மீண்டும் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது உள்ளூர் ஒலிப்பைப் பின்பற்றிய புதிய எழுத்துக்கூட்டலைப் பெற்றுவிட்டது.

முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் முழக்கத்தை ஆங்கிலப் படைவீரர் தமக்குப் பழகிய இரு குடும்பப் பெயர்களாகக் கேட்டனர். அதுவே யூல் தம் நூலுக்கு இட்ட தலைப்பு. அயல் ஒலியைத் தன் மொழிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் இந்நிகழ்வை மொழியியலார் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்பர். அதே விதி இம்மலையில் எதிர்த்திசையில் இயங்கியுள்ளது. கடன்வாங்குவோர் செவியின் குறை என இதனைக் கருதிவிடலாகாது. கேட்டதைத் தன் மொழியின் உறுப்புகளால் பொருத்திக்கொள்ளுதல் எம்மொழியாளர்க்கும் பொது.

போணக்காடு ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். ஆங்கில வடிவம் எழுத்தில் எஞ்சாது போயிருப்பின், இப்பெயரில் காடு என்னும் பழஞ்சொல்லைக் கண்டு நாம் ஐயமின்றிக் கட்டுரை எழுதியிருப்போம். எழுத்துச்சான்று எஞ்சாத பிற பெயர்களில் நாம் எத்தனை முறை அவ்வாறு செய்துள்ளோம் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஹாப்சன்-ஜாப்சன் மேற்கோட்களஞ்சியமாக இன்றும் மதிக்கத்தக்கது. சொற்பிறப்பு நூலாக அதனைச் சொல்தோறும் மீள ஆய்ந்தே ஏற்றல் வேண்டும். தமிழா மலையாளமா என்னும் வினாவைப் பேச்சுவடிவம், பொருள் எல்லை, வணிக வரலாறு ஆகியவற்றைக் கொண்டு தீர்க்கவேண்டும். ஏட்டுவடிவத்தின் ஈற்றெழுத்து போதாது. ஒலிமாற்றத்தைத் தனிச்சொல்லில் அன்றி வரிசையில் காட்டவேண்டும். தமிழ்ச் சொற்பேரகராதி 1936இல் நிறைவுற்றது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் திருந்திய பதிப்பு 1984இல் வந்தது. இவ்விரண்டோடும் வட்டார வழக்ககராதிகளையும் ஒப்புநோக்கி, ஆங்கிலத்திலுள்ள தென்னிந்தியச் சொற்களுக்கு நம் மொழிகளிலேயே ஒரு வரலாற்று அகராதி செய்யப்படுதல் வேண்டும். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூலவடிவம், சென்ற வழி, அடைந்த பொருள், தமிழில் மீளப் பெயர்க்கும் முறை என நான்கும் தரப்பட்டால், மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருசேரப் பயன்கொள்வர்.